நாலு வீதி வழக்கு

மச்சான்,

காலையில் கடை ஷட்டரைத் தூக்கி, மெஷினுக்குப் பூ வைத்து, ஊதுவத்தி காட்டி முடிக்கவில்லை, உன் ஜூனியர் வக்கீல் பொண்ணு வந்து ஒரு கேஸ் கட்டைக் கொடுத்துவிட்டுக் கடலூர் பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள். மெஷின் அப்போதுதான் சூடேறியிருந்தது. முதல் தாள் வந்து விழுந்ததும் அந்த வாசனை அடித்தது பார். சூடான காகிதமும் மையும் கலந்த வாசனை. சிதம்பரம் தெற்கு வீதியில் இத்தனை வருஷமாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன், அது ஒரு வாசனை என்பதே எனக்குத் தெரியாது. நீதான் முதல் தாளை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்து, "சூடா இருக்குது மச்சான், சட்னி இருக்கா?" என்பாய். கடையில் நிற்கிற அத்தனை பேரும் சிரிப்பார்கள். அதே ஜோக்கை மறுநாள் நான் சொன்னால் ஒரு ஈ கூடச் சிரிக்காது.

செத்தவன் மேல் பொறாமைப்படக் கூடாது என்பார்கள். சொன்னவனுக்கு உன்னைத் தெரிந்திருக்காது. ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனோம். பத்தாவதில் கணக்கு என்னைக் கைவிட்டது. நீ சட்டம் படிக்கப் போய்விட்டாய். நான் மட்டும் அன்று கணக்கில் தேறியிருந்தால் இந்நேரம் நீதிபதி. சரி, மாவட்ட நீதிபதி என்று வைத்துக்கொள். திரும்பி வந்தவன் என் தங்கச்சியைக் கட்டினாய். அதற்குப் பிறகு என் தங்கச்சி வீட்டு மீன் குழம்பில் நடுத்துண்டு உனக்கு, வால் துண்டு எனக்கு. கேட்டால், "அண்ணே, அவுரு நாள் பூரா பேசிட்டு வர்றாரு" என்பாள். நான் மட்டும் நாள் பூரா ஊமையாகவா நிற்கிறேன்?

ஆனால் மீன் துண்டெல்லாம் சின்ன விஷயம். என்னைச் சுட்டது உன் ஞாயிற்றுக்கிழமைகள்.

உன் ஆபீஸ் கீழவீதியில் மாடியில். வேலையை விட்டுத் துரத்தப்பட்டவர்கள், சம்பளம் நின்றுபோனவர்கள், கை மெஷினில் மாட்டினவர்கள் எல்லாரும் ஞாயிறு காலையில் படியேறுவார்கள். குமராட்சியிலிருந்து வருவார்கள், காட்டுமன்னார்கோயிலிலிருந்து வருவார்கள், கடலூர்ப் பக்கத்துக் குப்பங்களிலிருந்து மீன்கூடை வாசனையோடு வருவார்கள். மற்ற வக்கீல்கள் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து சட்டப் பிரிவு நம்பர் சொல்வார்கள். நீ செருப்பை மாட்டிக்கொண்டு, "வாங்க, நடந்துக்கிட்டே பேசலாம்" என்று அவர்களைத் தெருவுக்கு இறக்கிவிடுவாய். "கேஸுங்கிறது நம்ம ஊர் தேரு மாதிரி. கீழவீதியில கிளம்பும், தெற்கு வீதி, மேலவீதி, வடக்கு வீதி, திரும்ப நிலைக்கு வரும். எந்த வீதியையும் தாண்டிக் குதிக்க முடியாது" என்பாய். கையெழுத்துப் போடத் தெரியாதவனுக்கும் அது புரிந்துவிடும்.

அந்தத் தேர் உவமை என்னுடையது. இதை எழுத்திலேயே வைக்கிறேன். ஒரு மார்கழித் தேரன்று என் கடை வாசலில் நாம் இரண்டு பேரும் நின்றோம். தேர் முனையில் திரும்பாமல் நெடுநேரம் நின்றது. நான் சொன்னேன், "இந்தத் தேரும் உன் கோர்ட்டு கேஸும் ஒண்ணுதான் மச்சான், லேசுல நகராது." நீ சிரித்தாய். அடுத்த வாரமே நாலு வீதியும் உன் வாயில் இருந்தது. உவமை யாருடையது என்று நான் கேட்கும்போதெல்லாம் ஆமாம் என்றும் சொல்ல மாட்டாய், இல்லை என்றும் சொல்ல மாட்டாய். சிரிப்பாய். வக்கீல் புத்தி.

முதலில் ஒரே நடையாக நாலு வீதியும் கூட்டிப்போய்க்கொண்டிருந்தாய். அதைக் கெடுத்தவன் காட்டுமன்னார்கோயில் ரைஸ்மில்லில் மூட்டை தூக்கின கந்தசாமி. கடலூரில் அவனுக்கு ஹியரிங். நீ கோர்ட்டில் காத்திருக்கிறாய், ஆள் வரவில்லை. சாயங்காலம் பார்த்தால் என் கடை வாசலில் குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு நிற்கிறான். "காலையிலேயே நாலு வீதியும் சுத்திட்டேன் ஐயா. தீர்ப்பு எப்ப வரும்?"

எனக்கு அன்று எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? பத்து தீபாவளி ஒன்றாக வந்த மாதிரி. ஆஹா, மச்சானும் கோட்டை விட்டான்! நீ தலையில் அடித்துக்கொள்வாய் என்று பார்த்தேன். நீயோ கந்தசாமியின் தோளில் கை போட்டு, "தப்பு என் மேலப்பா. ஒரேயடியா சொல்லியிருக்கக் கூடாது" என்று டீ வாங்கிக் கொடுத்தாய். அந்த வழக்கை எப்படியோ மறுபடி உயிர்ப்பித்தாய். அதற்குப் பிறகுதான் ஒரு கட்டத்துக்கு ஒரு வீதி என்று மாற்றினாய். வழக்கு எந்த வீதியில் நிற்கிறதோ அந்த வீதியில் மட்டும்தான் நடை. தோற்றதிலும் ஒரு புது வழி கண்டுபிடித்து அதற்கும் பேர் வாங்கினவன் நீ.

அதில் எனக்கு வாய்த்தது தெற்கு வீதி. என் கடைக்குப் பக்கத்து டீக்கடை பெஞ்சில்தான் நீ அவர்களை உட்கார வைப்பாய். நீ வருவது தெரிந்தால் மெஷினை நிறுத்திவிடுவேன். "கரண்ட் போச்சுங்க" என்று வாடிக்கைக்காரர்களிடம் சொல்வேன். தலைக்கு மேல் ஃபேன் சுற்றிக்கொண்டிருக்கும்.

"இது சமரச வீதி. லேபர் ஆபீஸர் ரெண்டு தரப்பையும் கூப்பிட்டுப் பேசுவாரு. அவரு ஜட்ஜு இல்ல. கம்பெனியைப் பார்த்து, நீ செய்டான்னு உத்தரவு போட முடியாது. பேசிப் பார்ப்பாரு, அவ்வளவுதான். அங்க போய் அழுவாதீங்க, கத்தாதீங்க. என்ன வேணும்னு ஒரே வரியில சொல்லுங்க. ஒத்துவரலைன்னா, 'பேச்சு முறிஞ்சிடுச்சு'ன்னு எழுதிக் கொடுப்பாரு. முறிஞ்சா பயப்படக் கூடாது. தேரு முனை திரும்புதுன்னு அர்த்தம்."

இதை வருஷக்கணக்கில் கேட்டுக் கேட்டு எனக்குத் தலைகீழ்ப் பாடம். ஒரு தடவை கடலூர் செம்மண்டலத்தில் கல்யாண மண்டபத்தில் தொழிலாளர் கூட்டம். உனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது, என்னைப் பேசச் சொன்னாய். நான் சமரச வீதியைப் பேசப் பேச, மேடையிலிருந்த லேபர் ஆபீஸரே எழுந்து நின்றுவிட்டார். நீ இருந்தால், "ஃபேன் சுவிட்சைப் போட எந்திரிச்சாரு மச்சான்" என்று திருத்துவாய். நீதான் இல்லையே. எழுந்து நின்றார். அவ்வளவு நல்ல பேச்சு. கூட்டம் முடிந்ததும் நாலைந்து பேர் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். "மாமா, ஐயாவுக்குத் தொண்டை எப்ப சரியாவும்?"

நீ ஐயா. நான் மாமா. கடைசி வரைக்கும் அப்படித்தான்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், பல் தேய்த்துக்கொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். அதைப் பற்றி எழுத மாட்டேன். எதையும் பெரிதாக்கிச் சொல்கிறவன் நான். அதை மட்டும் பெரிதாக்க எனக்குக் கை வரவில்லை.

பூங்கொடியை உனக்கு நினைவிருக்கும். குமராட்சிப் பக்கம், கொள்ளிடக்கரைப் பொண்ணு. கடலூரை ஒட்டின இறால் கம்பெனியில் இறால் உரித்துத் தரம் பிரிக்கிற வேலை. கம்பெனி வேன் வந்து அழைத்துப்போகும். கொள்ளிடத்தில் வெள்ளம் வந்து ரோடு முழுகினபோது அவள் பக்கத்துக்கு வேன் வரவில்லை. தண்ணீர் வடிந்த பிறகு, "நீயா வேலையை விட்டு நின்னுட்ட" என்று சொல்லிவிட்டார்கள். "ராஜினாமான்னு எழுதிக் கையெழுத்துப் போடு, பி.எஃப். வாங்கிக்க" என்று ஒரு தாளை நீட்டினார்கள். புருஷன் கிடையாது, மாமியாருக்குக் கண் பார்வை இல்லை, அந்த வீட்டில் அடுப்பு எரிவது இவள் உரித்த இறாலில். அப்படியும் கையெழுத்துப் போடாமல் உன்னிடம் வந்தாள். கீழவீதியும் தெற்கு வீதியும் உன்னோடு நடந்தாள். சமரசம் முறிந்தது. "இனிமே மேலவீதிம்மா. அடுத்த ஞாயித்துக்கிழமை வா" என்று நீ சொன்ன வாரம்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை.

அந்த ஞாயிறும் அவள் வந்தாள். விஷயம் தெரியாமல் வந்து, பூட்டின மாடிப்படியில் உட்கார்ந்து அழுதுவிட்டு, தெற்கு வீதிக்கு வந்து என் கடை முன்னால் நின்றாள்.

"மாமா, ஐயா மீதி ரெண்டு வீதி சொல்றதா சொன்னாங்க."

என்னிடமா கேட்கிறாள்? மார்பைத் தட்டினேன். "ஐயாவுக்கே அந்த நாலு வீதியைச் சொன்னது யாருன்னு நினைக்கிற? எல்லாம் நமக்கு மனப்பாடம். வா." வாய் சொல்லிவிட்டது. ஷட்டரை இறக்கும்போதுதான் யோசித்தேன். எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு வீதி. அது அவள் நடந்து முடித்த வீதி.

"எதுக்கும் கீழவீதியிலேருந்து ஆரம்பிப்போம். உனக்கு எவ்வளவு தெரியுதுன்னு நான் பார்க்கணும்" என்றேன். எப்படி! அவள் ஒப்பித்தாள். நான் பெரிய மனுஷனாகத் தலையாட்டிக்கொண்டே முதல் தடவையாகக் கீழவீதியைக் கேட்டேன்.

"என்ன நடந்துச்சோ அதை நடந்த வரிசையில சொல்லணும். எங்க மாமியா அழுதது, நாத்தனா திட்டினது எல்லாம் அப்புறம். வெத்துத் தாளுல கையெழுத்துப் போடக் கூடாது. போட்டே ஆகணும்னு நெருக்குனா, கையெழுத்துக்கு மேல 'ஆட்சேபணையுடன்'னு எழுதணும். அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, இ.எஸ்.ஐ. கார்டு, நான் அங்க வேலை பார்த்தேன்னு காட்டுற எதையும் தூக்கிப் போடக் கூடாது. சரியா மாமா?"

"ம்ம். பரவாயில்ல" என்றேன். உன் மேல் எரிச்சலாக வந்தது. எவ்வளவு சுருக்கமாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறாய். நானாக இருந்தால் அதை அரை நாள் சொல்லியிருப்பேன்.

தெற்கு வீதியில் நான் சிங்கம். அவளுக்குத் தெரிந்ததையே இன்னொரு தடவை கர்ஜித்தேன். டீக்கடைக்காரர் கூட எட்டிப் பார்த்தார்.

மேலவீதி முனைக்கு வந்தோம். நல்லவேளை, ஒரு நாள் நீ ஒரு பஸ் கண்டக்டரோடு மேலவீதியில் நடந்தபோது, பூ வாங்குகிற மாதிரி நான் பின்னாலேயே வந்திருக்கிறேன். முழுதும் காதில் விழவில்லை. பூக்காரம்மா வேறு முழம் போட்டுக்கொண்டே பேசினாள். ஆனால் முனையில் நின்று நீ சொன்னது மட்டும் தெளிவாக விழுந்தது. அதை அப்படியே பூங்கொடியிடம் சொன்னேன். "இது கோர்ட்டு வீதி. நீ உன் கோரிக்கையைப் போடுவ, கம்பெனி பதில் போடும். அப்புறம் வாய்தா, வாய்தா, வாய்தா. தேரு இந்த வீதியில மண்டகப்படிக்கு நிக்குதுல்ல, அந்த மாதிரி. தேரு நிக்குதேன்னு வடத்தை விட்டுட்டு வீட்டுக்குப் போயிடாத."

அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு, "இது ஐயா சொன்னதா, நீங்க சொன்னதா மாமா?" என்றாள்.

"ரெண்டு பேரும்" என்றேன்.

உன் ஜூனியர் பொண்ணு கோர்ட்டில் வழக்கைப் போட்டாள். கெட்டிக்காரி, ஆனால் நிற்க நேரமில்லாதவள். பேசுவதெல்லாம் பஸ் ஏறிக்கொண்டே. வாய்தா மேல் வாய்தா ஓடியது. ஒவ்வொன்றுக்கும் பூங்கொடி குமராட்சியில் மினி பஸ் ஏறி, சிதம்பரத்தில் மாறி, கடலூர் போய் உட்கார்ந்துவிட்டு வருவாள். அன்றைக்குக் கூலி போச்சு. ஒரு நாள் வெயிலில் வந்து கடைப் படியில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"போதும் மாமா. இன்னைக்கும் அடுத்த தேதி குடுத்துட்டாங்க. அந்த ராஜினாமாவையே எழுதிக் குடுத்துட்டு நடவுக்குப் போறேன். ஜாஸ்தி ஆசைப்பட்டுட்டேன்."

அன்று நான் என் பேச்சு எதையும் பேசவில்லை. பேசினால் கெட்டுவிடும் என்று தெரிந்தது. உன் வாக்கியத்தைத்தான் எடுத்தேன். "வடத்தை விட்டுட்டுப் போயிடாத." அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அடுத்த தேதிக்குப் போனாள். பார், நீ செத்து இத்தனை மாசம் கழித்து, என் கடைப் படியில், என் வாயிலிருந்து வந்து, உன் பேச்சுதான் வேலை செய்கிறது. வயிறு எரியுமா எரியாதா?

சாட்சிக் கட்டம் வந்தது. ஜூனியர் பொண்ணு ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டே சொன்னாள், "மாமா, அவுங்களை கம்பெனி வக்கீல் குறுக்கு விசாரணை பண்ணுவாரு. கோர்ட்டைப் பார்த்தாலே அவுங்களுக்குச் சொல்ல வேண்டியதெல்லாம் மறந்துடுது. அதுதான் பயமா இருக்கு. சார் இருந்தா வடக்கு வீதிக்குக் கூட்டிட்டுப் போயிருப்பாரு."

"அங்க என்னம்மா சொல்லுவாரு?"

"தெரியலையே மாமா. அந்த வீதிக்கு மட்டும் என்னைக் கூட வர வேணாம்பாரு. உங்களுக்குத்தான் எல்லாம் தெரியும்னு பூங்கொடி அக்கா சொன்னாங்க?"

"தெரியாம என்ன. சும்மா உன்னை சோதிச்சேன்."

ஞாயிற்றுக்கிழமை பூங்கொடி வந்தாள். மேலவீதி முடிந்து வடக்கு வீதி திரும்புகிற முனையில் அவளை நிறுத்தி, சுண்டல் வாங்கிக் கொடுத்துவிட்டு, நான் ஒதுங்கிப் போய் என் தங்கச்சிக்கு போன் போட்டேன்.

"என்னாண்ணே, மூச்சு வாங்குது?"

"வடக்கு வீதியில மச்சான் என்னம்மா சொல்லுவாரு? சீக்கிரம் சொல்லு."

கேள்வி வாயை விட்டுப் போய்விட்டது. கேட்டிருக்கக் கூடாதோ என்று நினைத்தேன். பிறகு சிரிக்கிறாள். நீ போன பிறகு அவள் சிரித்து நான் கேட்டது அன்றுதான். "ஒண்ணும் சொல்ல மாட்டாருண்ணே. வடக்கு வீதிக்குப் போற அன்னைக்கு வீட்டுலயே சொல்லிட்டுதான் போவாரு. 'இன்னைக்கு என் தொண்டைக்கு லீவு'ம்பாரு. அங்க அவுங்கதான் பேசணும். முனையிலேருந்து முனை வரைக்கும் அவுங்க கேஸை அவுங்களே சொல்லணும். இவரு வாயே தொறக்க மாட்டாரு. தப்பா சொன்னாக்கூட திருத்த மாட்டாரு."

"வாயே தொறக்கக் கூடாதா?"

"தொறக்கக் கூடாது." கொஞ்சம் நிறுத்திச் சொன்னாள், "உன்னால முடியாதுண்ணே. வேற யாரையாவது அனுப்பு."

உன் பெண்டாட்டி அப்படிச் சொன்ன பிறகு நான் எப்படி வேறு ஆளை அனுப்புவேன்?

பூங்கொடியிடம் வந்து, "இந்த வீதியில நீ பேசு. நான் கேக்குறேன்" என்றேன். நடந்தோம். நான் வருகிறேனா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தாள். வளையல் கடை வந்தது, பாத்திரக் கடை வந்தது. என் நாக்கில் எறும்பு ஊருகிற மாதிரி இருந்தது. மச்சான், சத்தியமாகச் சொல்கிறேன், வீராணம் ஏரியை ஒரு கையால் அடைத்துக்கொண்டு நின்றாலும் அவ்வளவு கஷ்டம் இருந்திருக்காது. மெல்லச் சொல்ல ஆரம்பித்தாள். வெள்ளம், வேன், நீட்டின தாள். வரிசை மாறியது, நான் திருத்தவில்லை. தேதியைத் தப்பாகச் சொன்னாள், பல்லைக் கடித்தேன். அவளே நின்று, "இல்ல, அது மறுநாளு" என்று திருத்திக்கொண்டாள். பாதி வீதி தாண்டியதும் யாருக்கும் சொல்லாத ஒன்றைச் சொன்னாள்.

"தண்ணி வடிஞ்ச அன்னைக்கே ரெண்டு பஸ் மாறிக் கம்பெனி கேட்டுக்குப் போயிட்டேன் மாமா. செக்யூரிட்டி உள்ள விடல. அப்பதான் வேன் வந்துச்சு. கூட வேலை பாக்குற பொம்பளைங்க எல்லாம் வேனுக்குள்ளேருந்து கையாட்டுனாங்க. நான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன். அழுவுறதப் பாத்துடுவாங்களேன்னு. அத எப்படி நான் கோர்ட்டுல சொல்லுவேன்? அவமானமா இருந்துச்சு."

அவள் வேலைக்குப் போய் நின்றாள் என்பதற்கு ஒரு வேன் நிறையச் சாட்சி! கம்பெனி சொல்வதே அவள் வரவில்லை என்றுதானே? நின்று கத்தலாம் போல இருந்தது. முனை வரைக்கும் வாயைப் பொத்திக்கொண்டு நடந்தேன். கீழவீதி திரும்பின அடுத்த நொடி ஜூனியர் பொண்ணுக்கு போன் போட்டேன். "சார் கேட்டப்பக்கூட இத சொல்லலையே மாமா!" என்று அவளும் கத்தினாள். சொல்லியிருப்பாள், வடக்கு வீதி வரைக்கும் நீ இருந்திருந்தால்.

சாட்சி சொல்கிற நாளில் நான் கடையைச் சாத்திவிட்டுக் கடலூர் போனேன். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். பூங்கொடி சாட்சிக் கூண்டில் ஏறி நின்றாள். கம்பெனி வக்கீல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"வெள்ளம் வடிஞ்ச பிறகும் நீங்க வேலைக்கே வரலை. நடவு வேலைக்குப் போயிட்டீங்கன்னு சொல்றேன்."

"இல்லைங்க. வடிஞ்ச அன்னைக்கே கேட்டுல போய் நின்னேன்."

"நீங்க சொல்றீங்க. பார்த்தது யாரு?"

"வேன்ல இருந்த எல்லாரும்தான் சார். கையாட்டுனாங்க. நான் அழுதுக்கிட்டு இருந்ததால திரும்பி ஆட்டல. அவுங்களைக் கூப்பிட்டுக் கேளுங்க."

கோர்ட்டு ஹாலே எழுந்து கைதட்டியது. இல்லை, தட்டவில்லை. ஃபேன் சத்தம்தான் கேட்டது. உனக்கு எழுதும்போது அந்த இடத்தில் பொய் சொல்ல வரவில்லை. அந்த வக்கீல் அடுத்த கேள்விக்குப் பேப்பரைப் புரட்டினார், புரட்டிக்கொண்டே இருந்தார். அவ்வளவுதான். பிறகு, அந்த வேனில் வந்தவர்களில் கம்பெனியை விட்டு நின்றுவிட்ட ஒரு அம்மா வந்து, "ஆமாங்க, கையாட்டுனேன்" என்று சாட்சி சொன்னது.

தேர் நிலைக்கு வந்தது, மச்சான். விசாரணை எதுவும் வைக்காமல் அவளாக நின்றுவிட்டாள் என்று சொன்னது செல்லாது. வேலையைத் திரும்பக் கொடு, இடையில் விட்டுப்போன காலத்தையும் பணிக்காலமாகச் சேர்த்துக்கொள் என்று தீர்ப்பு. கம்பெனி மேல்கோர்ட்டுக்குப் போகும் என்று பயந்தோம். போகவில்லை. பூங்கொடி இப்போது அதே வேனில்தான் போகிறாள். வேன் என் வீதி வழியாக வருவதில்லை. ஆனாலும் ஒரு நாள் காலையில் நான் பஸ் ஸ்டாண்டு பக்கம் போய் நின்றேன். ஜன்னலோரம் இருந்தாள். கையாட்டினாள். நான் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினேன்.

அந்த வேனுக்குள் அவள் என்ன சொல்லி வைத்திருக்கிறாள் தெரியுமா? "எல்லாம் வக்கீல் ஐயா சொல்லிக் குடுத்த நாலு வீதி." ஐயா சொல்லிக் குடுத்ததாம்! நீ நடந்தது இரண்டு வீதி. மீதி இரண்டு வீதி வெயிலில் நடந்தவன் யார்? சுண்டல் வாங்கிக் கொடுத்தவன் யார்?

அதைக் கேட்டுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் ஆள் வருகிறார்கள். உன் மாடிக்கு அல்ல, என் கடைக்கு. நீ போன பிறகு பழைய தொழிலாளர் சட்டங்களையெல்லாம் சேர்த்து நாலு தொகுப்பாகக் கட்டிவிட்டார்களாம். நாலு! வீதிக்கு ஒன்று என்று நான் சொல்லிவிட்டேன். ஜூனியர் பொண்ணு, "அப்படி இல்ல மாமா" என்று தலையில் கை வைத்துக்கொண்டாள். கெடு, பிரிவு, எந்த ஆபீஸ் என்பதையெல்லாம் அவளிடம் கேட்கச் சொல்லி அனுப்பிவிடுகிறேன். எனக்கு நடை மட்டும். ஒரு கட்டத்துக்கு ஒரு வீதி. கீழவீதியைப் பூங்கொடி சொன்ன மாதிரி சொல்கிறேன். தெற்கு வீதியில் கர்ஜிக்கிறேன். மேலவீதி முனையில் நின்று உன் வடத்தைக் கையில் கொடுக்கிறேன். உன் பேரைச் சொல்வதில்லை. கேட்டால்தானே சொல்வது?

போன ஞாயிறு வடக்கு வீதிக்கு வந்தது ஒரு ரைஸ்மில் ஆள். கந்தசாமியின் ஊர்க்காரன். வழக்கைச் சொல்லிக்கொண்டே வந்தவன், பாதி வீதியில் நின்று என்னைப் பார்த்தான்.

"மாமா, தப்பா நினைச்சுக்காதீங்க. இந்த நாலு வீதி விஷயத்த நீங்களா கண்டுபிடிச்சீங்க?"

எவ்வளவு நாளாக நான் காத்திருந்த கேள்வி அது. ஆமாம் என்று சொல்ல ஒரே ஒரு தலையாட்டல் போதும். இல்லை, என் மச்சான் என்று சொல்லவும் வாய் வரை வந்தது. அவன் காத்துக்கொண்டே நின்றான்.

வடக்கு வீதியில் நான் வாயைத் திறப்பதில்லை, மச்சான். அது நீ போட்ட சட்டம். சிரித்துவிட்டு, மேலே நட என்று கையைக் காட்டினேன்.